தகர வில்லையும் சுவர்க்கவிதையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடந்த பத்தாண்டுகளில் இவ்வட்டத்தின் மாதக் கூட்டங்களில் சங்கப் பாடல்கள் முதல் இற்றைநாள் சிறுகதைகள் வரை பேசப்பட்டுள்ளன. அவற்றுள் பலவற்றைப் பின்வரிசையில் அமர்ந்து செவிமடுத்தவள் நான். இன்று என்னை மேடையேற்றிய நண்பர்கள் பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் எனக்கு அளித்துள்ளனர். அவ்வுரிமையைக் கொண்டு சற்றுத் தொலைவு செல்ல எண்ணுகிறேன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பாடம் சொன்ன ரொனால்டு தகாகி என்னும் பேராசிரியரின் கற்பித்தலும் ஆய்வுமே என் பொருள். தமிழ் படித்தவள் இவரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்ற வினா எழுவது இயல்பு. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரும்புத் தோட்டத்துப் பெண்கள் பாடிய பாட்டை வரலாற்றுச் சான்றாக வைத்து நூல் எழுதியவர் அவர். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பாடிய பாட்டை என்ன செய்வதென்று அறியாமல் துறைக்குத் துறை தள்ளிவிடுகிறவர்கள் நாம்.

அவர் பணியாற்றிய துறைக்கு ஆங்கிலத்தில் 'எத்னிக் ஸ்டடீஸ்' என்று பெயர். இதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. 'இனவியல்' என்றால் மானிடவியலின் கிளையெனக் கொள்வர். 'இனவரைவியல்' என்பது களத்தில் தங்கி ஒரு மக்கட் குழுவின் வாழ்க்கையை எழுதும் முறை. 'இனக்குழு' என்னும் சொல்லை நம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் தொல்சமூக அமைப்பைச் சுட்டவே ஆண்டுள்ளனர். ஈழத்து அறிஞர்கள் எழுத்தில் பயிலும் 'இனத்துவம்' என்னும் சொல்லே பொருத்தமாகப் படுவதால் 'இனத்துவ ஆய்வு' என்று குறிப்பிடுகிறேன். சொல்லை வைத்து இவ்வளவு நேரம் நிற்பதற்குக் காரணம் உண்டு. இனவரைவியலில் ஆராய்பவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர். ஆராயப்படுவோர் தங்களைப் பற்றி எழுதப்பட்டதை வாசிப்பதுகூட அரிது. இனத்துவ ஆய்விலோ, ஆராயப்பட்டவர்களின் பிள்ளைகளே பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டனர். இத்துறையின் உயிர் இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது.

பேனாவை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. 1968 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும் 'மூன்றாம் உலக விடுதலை முன்னணி' என்னும் மாணவர் கூட்டமைப்பும் வேலைநிறுத்தம் தொடங்கின. தங்கள் மக்களின் வரலாறும் இலக்கியமும் பாடமாக வேண்டும், அவற்றைக் கற்பிக்க ஆசிரியர்கள் வேண்டும், அம்மக்களின் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்பன கோரிக்கைகள். 1969 மார்ச்சு வரை, ஏறத்தாழ ஐந்து மாதங்கள் போராட்டம் நீடித்தது, நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். அப்போது கல்லூரித் தலைவராக அமர்த்தப்பட்ட ஹயகாவா கனடாவில் பிறந்த ஜப்பானிய மரபினர். சொற்பொருளியலில் பெயர்பெற்ற அறிஞர். மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டியின் மேல் ஏறி அதன் கம்பிகளை அவர் பிடுங்கி எறிந்தார். சொல்லின் பொருளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் சொல்லும் கருவியை அறுத்த அக்காட்சி நாடெங்கும் பரவியது. பின்னர் அவர் அமெரிக்க மேலவை உறுப்பினரும் ஆனார். எனினும் 1969 இல் அக்கல்லூரியில் இனத்துவ ஆய்வுக்கெனத் தனிப் புலம் அமைந்தது. அவ்வாண்டே பெர்க்லியிலும் மாணவர் போராட்டத்தின் பயனாக ஒரு துறை தோன்றியது. 'ஆசிய அமெரிக்கர்' என்னும் பெயரும் அக்காலத்துப் படைப்பே. யூஜி இச்சியோகா, எம்மா ஜீ ஆகிய இருவரும் 1968 இல் பெர்க்லியில் அதனை உருவாக்கினர். அதற்கு முன் அம்மக்களைக் குறிக்க வழங்கிய சொல் 'ஓரியண்டல்' என்பது. அது கம்பளத்துக்கும் பீங்கானுக்கும் பொருந்தும் அடைமொழி.

தகாகி 1939 இல் ஹவாய்த் தீவுகளின் தலைநகரான ஹோனலூலுவில் பிறந்தார். அவர் பாட்டனார் 1880களில் ஜப்பானிலிருந்து கரும்புத் தோட்டக் கூலியாக வந்தவர். தந்தையார் இளமையிலேயே மறைய, சீனரான மாற்றாந்தந்தையின் பொறுப்பில் வளர்ந்தார். இளமையில் அலைச்சறுக்கில்தான் பெயர் வாங்கினார், படிப்பில் அன்று. உயர்நிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இவரிடம் எதையோ கண்டு, ஒகையோ மாநிலத்து வூஸ்டர் கல்லூரிக்கு எழுதி இடம் பெற்றுத் தந்தார். அங்கே உடன் பயின்றோர் இவரிடம் கேட்ட கேள்விகள் இரண்டு: இந்த நாட்டுக்கு வந்து எத்தனை ஆண்டாயிற்று? ஆங்கிலம் எங்கே கற்றாய்? மூன்றாம் தலைமுறைக் குடிமகனிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. பல்லாண்டுகளுக்குப் பின், பேராசிரியராகிப் பல நூல்கள் எழுதிய பின்னும், வர்ஜினியா மாநிலத்தில் ஒரு வாடகைக்கார் ஓட்டுநர் இதையே கேட்டதைத் தம் 1993 ஆம் ஆண்டு நூலின் தொடக்கத்தில் அவர் பதிவு செய்துள்ளார். ஓட்டுநர் மீது அவருக்குச் சினமில்லை. பள்ளி வரலாற்று நூலில் இவர் முகம் இல்லாதபோது ஓட்டுநர் எங்ஙனம் அறிவார் என்பதே அவர் வாதம்.

முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது தம் இனத்தின் வரலாற்றை அன்று. உள்நாட்டுப் போருக்கு முன் ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தை மீண்டும் தொடங்க வேண்டும் என்று கிளர்ச்சி செய்த தென்மாநிலத்தாரைப் பற்றியே ஆராய்ந்தார். 1967 இல் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்தில் கறுப்பின வரலாற்றுக்கென வைக்கப்பட்ட முதற் பாடத்தை நடத்த அமர்த்தப்பட்டார். வாட்ஸ் பகுதியின் 1965 ஆம் ஆண்டுக் கலவரம் ஆறாத நேரம். நிரம்பிய வகுப்பில் ஜப்பானிய முகத்தோடு ஓர் இளைஞர் நுழைந்ததும் மாணவர்கள் திகைத்தனர். புரட்சிக்கு என்ன கருவிகளை எங்களுக்குக் கற்பிக்கப் போகிறீர் என்று ஒருவர் எழுந்து கேட்டார். ஆய்ந்து சிந்திக்கவும் திருத்தமாக எழுதவும் பயிற்றுவிப்பேன், விரும்பினால் அவையே கருவிகளாகும் என்ற பொருள்பட அவர் விடை சொன்னாராம். இதைப் படித்தபோது நம் வகுப்பறைகளின் நினைவு வந்தது. முழக்கம் எழுதத் தெரிந்த மாணவர்கள் நம்மிடமும் பலர். ஒரு பத்தியைப் பிழையின்றி வாதமாக்கத் தெரிந்தவர்கள் சிலரே.

1970களின் தொடக்கத்தில் பெர்க்லி வந்த பின் அவர் ஆய்வின் தனித்தன்மை தெளிவாகிறது. கறுப்பினத்தார்க்கு ஒரு வரலாறு, பூர்வகுடிகளுக்கு ஒன்று, மெக்சிகரினத்தார்க்கு ஒன்று, ஆசியர்க்கு ஒன்று என்று தனித்தனி அறைகளில் ஆய்வு நடந்த காலத்தில், அறைகளுக்கு இடைப்பட்ட கதவுகளை அவர் திறந்தார். 1979 இல் வெளிவந்த 'அயர்ன் கேஜஸ்' என்னும் நூல் இவ்வொப்பீட்டு முறையின் முதற் பெரும் பயன். வெவ்வேறு மக்களைத் தாழ்த்திய கருத்துகள் ஒரே பட்டறையில் வடிக்கப்பட்டவை என்பதை அது காட்டிற்று. இங்குள்ள ஒப்பிலக்கிய மாணவர்கள் கருத வேண்டிய முறை இது. பாரதியையும் ஷெல்லியையும் அருகருகே நிறுத்தி ஒற்றுமை வேற்றுமை காண்பதோடு நம் ஒப்பீடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

ஹவாய் சென்றிருந்தபோது அவர் மாமா ஒருவர், 'ஊரார் வரலாற்றையெல்லாம் எழுதுகிறாயே, எங்களைப் பற்றி ஏன் எழுதவில்லை?' என்ற பொருளில் தோட்டத்துக் கொச்சை ஆங்கிலத்திலே கேட்டிருக்கிறார். அக்கேள்வியின் விளைவே 1983 இல் வெளிவந்த 'பாவ் ஹானா' என்னும் நூல். ஹவாய் மொழியில் 'வேலை முடிந்தது' என்று பொருள். பொழுது சாயும்போது தோட்டத்தில் ஒலிக்கும் சொல்.

இந்நூலில்தான் நான் நெடுநேரம் தங்கினேன். சர்க்கரை முதலாளிகளின் கணக்கேடுகளையும் கடிதங்களையும் அவர் படிக்கிறார். எலும்பு உரம், கித்தான், மக்ரோனி ஆகிய சரக்குகளின் பட்டியலில் ஜப்பானியத் தொழிலாளரும் ஒரு சீனரும் இடம்பெற்றிருப்பதை எடுத்துக்காட்டுகிறார். ஒரே நாட்டார் மிகுந்தால் ஒன்றுகூடிவிடுவர் என்று கருதி, சீனர், ஜப்பானியர், கொரியர், போர்த்துகீசியர், பிலிப்பைன்சு நாட்டவர் எனக் கலந்து அமர்த்தினர். நாட்டுக்கு நாடு சம்பளமும் வேறு. போர்த்துகீசியர்க்கும் போர்ட்டோரிக்கோ நாட்டவர்க்கும் மாதம் 22.50 டாலர், அதே வேலைக்கு ஜப்பானியர்க்கு 18 டாலர். இந்த வேற்றுமையை எதிர்த்து 1909 இல் ஜப்பானியர் மட்டும் தனித்து வேலைநிறுத்தம் செய்தனர். வேறு நாட்டவரைக் கொண்டு அது முறியடிக்கப்பட்டது. 1920 இல் ஓவாஹூ தீவில் பிலிப்பைன்சு நாட்டவரும் ஜப்பானியரும் இணைந்து நின்றனர். குடும்பங்களோடு வீடுகளிலிருந்து துரத்தப்பட்டு அதுவும் தோற்றது. ஆனால் சில மாதங்களில் முதலாளிகள் தாமாகவே கூலியை உயர்த்தினர். பதினொரு ஆண்டுகளில் தொழிலாளர் கற்ற பாடத்தை இவ்விரு போராட்டங்களையும் அடுத்தடுத்து வைத்து அவர் விளக்கும் இடம் நூலின் சிறந்த பகுதி.

ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த ஓர் உலோக வில்லை. 'பாங்கோ' என்று அதற்குப் பெயர். சங்கிலியில் கோத்துக் கழுத்தில் அணிய வேண்டும். கண்காணிப்பவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை, எண்ணே பெயர். இப்பகுதியைப் படிக்கையில் நூலை மூடிவிட்டு எழுந்து நடந்தேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நம்மவர்க்கும் தோட்ட எண்ணும் ஆள் எண்ணும் பொறித்த தகர வில்லை வழங்கப்பட்டது. வழிச்செலவு தோட்டத்தின் பெயரில் பற்றெழுதப்பட, அதுவே கடனாகித் தொழிலாளியைத் தொடர்ந்தது. ஒரு பெருங்கடல் இடைப்பட, ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்களின் கழுத்தில் ஒரே அணிகலன். தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் இச்செய்தியைப் புள்ளிவிவரமாகக் கடந்து செல்வர். பெயரிழத்தல் என்பது இலக்கியம் பயின்றவர்க்குக் கடந்து செல்லத்தக்க செய்தி அன்று.

பாட்டுக்கு வருகிறேன். கரும்பின் காய்ந்த தோகையை உரிக்கும் வேலை ஹவாயில் 'ஹோலே ஹோலே' எனப்படும். பெரும்பாலும் பெண்கள் செய்தது. வேலையின்போது தங்கள் நாட்டு மெட்டில், ஜப்பானியச் சொற்களோடு ஹவாய்ச் சொற்களும் விரவப் பெண்கள் பாடியவை 'ஹோலே ஹோலே புஷி'. ஊருக்குத் திரும்புவதா தங்குவதா என்னும் ஊசல், கணவன் மீது வருத்தம், கங்காணி மீது ஏளனம், கூலிக் கணக்கு, மறைவான காமம் எல்லாம் அவற்றில் உண்டு. கணக்கேட்டுக்கு நிகரான சான்றாக இப்பாடல்களைத் தகாகி கையாண்டார். முதலாளியின் ஏடு கொடுத்த கூலியைச் சொல்லும். அது போதுமாயிருந்ததா என்பதைப் பாட்டுத்தான் சொல்லும்.

எழுத்தறிந்த தொழிலாளர் விட்டுச்சென்றது இன்னொரு வகை. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு என்றொரு தீவு. 1910 முதல் 1940 வரை அங்கே குடிவரவு நிலையம் இயங்கியது. 1882 இல் இயற்றப்பட்ட சீனர் விலக்குச் சட்டத்தின்படி, வந்திறங்கிய சீனர்கள் அங்கே வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைத்து வைத்து விசாரிக்கப்பட்டனர். அவர்கள் மரச் சுவர்களில் மரபுக் கவிதைகளைச் செதுக்கினர். இடிக்கப்படவிருந்த கட்டடத்தில், 1970 இல் அலெக்சாண்டர் வைஸ் என்னும் பூங்காக் காவலர் அவற்றைக் கண்டு, அவற்றின் அருமையை உணர்ந்து செய்தி சொன்னார். கட்டடம் காக்கப்பட்டது. ஹிம் மார்க் லாய், ஜென்னி லிம், ஜூடி யங் ஆகிய மூவரும் அக்கவிதைகளைத் தொகுத்து மொழிபெயர்த்து 1980 இல் நூலாக்கினர். பெரும்பாலானவற்றில் எழுதியவர் பெயர் இல்லை. பெயர் தெரியாத புலவர்க்கு அவர்தம் உவமையையே பெயராகச் சூட்டி, செம்புலப்பெயல்நீரார் என்று காத்துத் தந்த மரபு நமக்குண்டு. அம்மரபினர்க்கு இச்சுவர்களின் மதிப்பை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் மண்டபம் முகாமில் தங்கி இலங்கைக்குக் கப்பலேறியவர்களுள் மிகப்பலர் எழுத்தறியாதவர். அவர்கள் செதுக்கிய சுவர் அவர்கள் பாட்டு ஒன்றே.

இனிக் கற்பித்தல். பெர்க்லியில் 1989 இல் ஆசிரியர் பேரவை குறைந்த வாக்கு வேறுபாட்டில் ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. எத்துறையில் பயில்வோராயினும், பொறியியல் மாணவர் உட்பட, 'அமெரிக்கப் பண்பாடுகள்' என்னும் பாடம் ஒன்றைப் பயின்றே பட்டம் பெற வேண்டும் என்பது அது. இதற்காக முன்னின்று வாதிட்டவருள் தகாகி ஒருவர். ஐந்து பெரும் பிரிவினருள் குறைந்தது மூவரை ஒப்பிட்டுப் பாடம் அமைய வேண்டும் என்பது விதி. அவ்வைந்தில் ஐரோப்பிய மரபினரும் உண்டு என்பது நோக்கத்தக்கது. அயர்லாந்திலிருந்து பஞ்சத்தால் வந்தவனின் கதையும் பாடமே.

இவ்வகைப் பாடத்தில் மாணவர்க்குக் கொடுக்கத்தக்க வழக்குகள் இரண்டை, தமிழாசிரியை என்ற முறையில் நான் மிகவும் விரும்புகிறேன். அக்காலத்துச் சட்டப்படி வெளிநாட்டிலிருந்து வந்தோருள் 'வெள்ளையர்', ஆப்பிரிக்க மரபினர் ஆகியோரே குடியுரிமை பெறலாம். 1922 நவம்பரில் தகாவோ ஒசாவா என்னும் ஜப்பானியர் தம் தோல் வெண்மையானதே என்று வாதிட்டார். தோலின் நிறம் பொருளன்று, 'வெள்ளையர்' என்றால் காகேசிய இனத்தார் என்று உச்ச நீதிமன்றம் தள்ளிற்று. மூன்று திங்கள் கழிந்து, 1923 பிப்ரவரியில், அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்னும் பஞ்சாபியர் வந்தார். அறிவியலார் கூற்றுப்படி தாம் காகேசிய இனத்தாரே என்றார். அறிவியல் கிடக்கட்டும், சாதாரண மனிதன் எவனை வெள்ளையன் என்று கொள்வானோ அவனே வெள்ளையன் என்று அதே நீதிமன்றம் அவரையும் தள்ளிற்று. இரு தீர்ப்பையும் எழுதிய நீதிபதி ஒருவரே. ஒரு சொல்லுக்கு முதலில் நூல்வழக்கும் பின்னர் உலகவழக்கும் பொருளாயின. இரு பொருளிலும் வாயில் அடைபட்டது. திண்ட் வழக்கின் விளைவாக முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதனை இழந்தனர். சொல்லதிகாரம் வீண் படிப்பு என்று கருதும் மாணவர்க்கு இவ்விரு தீர்ப்பையும் படித்துக் காட்டலாம்.

தகாகியை ஏற்காதோரும் உண்டு. வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர் 1991 இல் எழுதிய நூலில், இத்தகைய கல்வி நாட்டைக் கூறுபோடும் என்றார். இவ்வச்சத்தை ஏளனம் செய்ய நான் விரும்பவில்லை. இனப்பெருமை பேசி ஆய்வு நேர்மையைத் துறந்த நூல்களை நாமும் கண்டிருக்கிறோம். நம் நூலகங்களில் அவற்றுக்குத் தனி அலமாரியே போடலாம். ஆனால் தகாகியின் ஒப்பீட்டு முறை அந்நோய்க்கு மருந்து என்பதே என் கருத்து. கன்னட நாட்டுக் கூலியின் துயரமும் அருகே வைக்கப்பட்டால், தமிழ்க் கூலியின் துயரம் பெருமைப் பொருளாக மாறாது.

எதிர்ப்பு ஏட்டளவில் நின்றதும் இல்லை. அரிசோனா மாநிலம் 2010 இல் ஒரு சட்டம் இயற்றி, டூசான் நகரப் பள்ளிகளில் நடந்துவந்த மெக்சிகர் மரபுக் கல்வியைக் குறிவைத்தது. 2012 தொடக்கத்தில் அப்பாடம் கலைக்கப்பட்டது. மாணவர்கள் வழக்காடினர். 2017 ஆகஸ்டில், அச்சட்டம் இனப்பகையின் விளைவாகச் செயற்படுத்தப்பட்டது, அரசமைப்புக்கு முரணானது என்று நீதிபதி வாலஸ் தஷிமா தீர்ப்பளித்தார். 1942 இல் ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டபோது, சிறுவனாகக் குடும்பத்தோடு அடைபட்டவர் அவர். அடைபட்ட போஸ்டன் முகாம் இருந்ததும் அரிசோனாவில்தான். கலிபோர்னியாவோ எதிர்த்திசையில் சென்று, தன் மாநிலப் பல்கலைக்கழகங்களில் 2020 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இனத்துவ ஆய்வைக் கட்டாயமாக்கியது. இவற்றைக் காணத் தகாகி இல்லை; 2009 இல் மறைந்தார்.

நம் இடத்துக்கு வருவோம். 1948 இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர் மலையகத் தமிழர். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசிக்கொள்ள. பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. வந்தவர்களுள் பெருந்தொகையினர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் குடியமர்ந்தனர். ஏட்டில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்', ஊர்வாயில் 'சிலோன்காரர்'. அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். தகாகியிடம் கேட்ட கேள்வியை இவர்களிடமும் ஒவ்வொரு தலைமுறையும் கேட்கிறது.

கூடலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி முனைவர் பட்ட ஆய்வுக்கு என்னிடம் வந்தாள். பாட்டி கண்டிச் சீமையில் கொழுந்து பறித்தவர். அப்பாட்டியும் அவர் வயதொத்த பெண்களும் பாடும் பாடல்களை வைத்து, வந்தவர்களின் வரலாற்றை எழுத வேண்டும் என்பது அவள் விருப்பம். சி.வி. வேலுப்பிள்ளை மலையகத்தில் தொகுத்தளித்த பாடல்கள் அவளுக்கு வழிகாட்டி. ஆய்வுத் தலைப்பைப் பரிசீலித்த குழுவில் ஒருவர், 'இது வரலாற்றுத் துறைக்கு உரியது' என்றார். அவள் வரலாற்றுத் துறைக்குச் சென்றாள். அங்கே, 'பாட்டெல்லாம் ஆவணமாகாது, இது நாட்டுப்புறவியல், தமிழ்த் துறைக்குப் போ' என்றனர். ஓராண்டில் ஏழு கிழவிகளில் இருவர் இறந்துபோயினர். அவ்விருவருடைய பாடல்களில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. தாமதத்தின் விலையை நான் வேறெவ்வாறும் சொல்ல அறியேன்.

ஹவாய்ப் பாடல்களைப் பற்றிய தகாகியின் பகுதியைத் தமிழில் பெயர்த்து, பத்துப் பக்க விளக்கத்தோடு குழுவின் முன் மீண்டும் வைத்தேன். தலைப்பில் 'வரலாறு' என்ற சொல்லை நீக்கி 'வழக்காறு' என்று இட்டால் ஏற்போம் என்றார்கள். இட்டோம். ஒலியால் நெருங்கிய சொற்கள். உள்ளே அவள் எழுதப்போவது வரலாறுதான் என்பது குழுவினர்க்கும் தெரியும்.

அவள் இப்போது சொற்களையும் சேர்க்கிறாள். பெரட்டு, கவ்வாத்து, லயம், துண்டு, கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி. அதிகாலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தைப் பற்றி மட்டும் ஐந்து பாடல்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றைப் பாடும்போது பாட்டி பாதியில் நிறுத்திவிடுவார்; மீதி ஆண்பிள்ளைகள் முன் பாடத்தக்கது அன்றாம். மாணவி அறைக்கதவைச் சாத்திவிட்டு மீதியையும் பதிவு செய்திருக்கிறாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவளை அழைத்திருக்கிறேன். பாட்டியும் மலையிறங்கி வர இசைந்துள்ளார். இருவர்க்கும் பேருந்துச் செலவும், ஒரு நல்ல ஒலிவாங்கியும் வேண்டும். செயலாளர் அவர்கள் வரவுசெலவைப் பார்த்துச் சொல்வதாகக் கூறியுள்ளார்.